சந்தக்பூவோடு நிற்பதா, ஃபாலூட் வரை போவதா? சிங்காலிலா முகட்டுக்குத் திட்டம் போடுவோருக்கு

டார்ஜிலிங் பக்கத்தில் சிங்காலிலா மலைமுகட்டில் இருக்கும் சந்தக்பூவுக்குப் போகலாம் என்று ஒரு நண்பர் கூட்டம் முடிவெடுத்தால் அடுத்து வருவது நாள் கணக்குச் சண்டைதான். நாலு நாள் போதும் என்பார் ஒருவர். அவ்வளவு தூரம் போய்விட்டு ஃபாலூட் பார்க்காமல் வருவதா என்பார் இன்னொருவர். ஜீப்தான் மேலே வரைக்கும் போகிறதே, எதற்கு நடந்து சாக வேண்டும் என்று மூன்றாமவர் கேட்பார். மூன்றையும் ஒரே பயணத்தின் சின்ன வடிவம், பெரிய வடிவம் என்று நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள். உண்மையில் அவை வேறு வேறு பயணங்கள். எது யாருக்குச் சரிப்படும் என்று பார்ப்போம். என் ஓட்டு எதற்கு என்பதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்துக்கும் நேபாளத்தின் இலாம் மாவட்டத்துக்கும் நடுவே தெற்கு வடக்காக ஓடுகிறது சிங்காலிலா. நாட்டு எல்லை பெரும்பாலும் முகட்டின் மேலேயே போகிறது, பாதை அதைக் குறுக்கும் நெடுக்குமாகத் தாண்டிக்கொண்டே இருக்கும். காலை டீ இந்தியாவில், மதியச் சோறு நேபாளத்தில் என்பது இங்கே சாதாரணம். போனில் ரோமிங் போட்டிருந்தால் நேபாள டவர் கிடைத்ததும் கடிகாரம் 15 நிமிடம் முன்னே தாவிவிடும். சூரிய உதயத்துக்கு அலாரம் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடை தொடங்கும் மானேபஞ்சாங் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சந்தக்பூ 3,636 மீட்டர், மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம். அங்கிருந்து வடக்கே 21 கிலோமீட்டர் போனால் ஏறக்குறைய 3,600 மீட்டரில் ஃபாலூட். வங்காளம், சிக்கிம், நேபாளம் மூன்றும் சேரும் இடம் அது. இந்த எண்கள் நம் ஊர்க்காரர்களுக்கு உறைக்க ஒரு வழி உண்டு. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். சிங்காலிலாவில் முதல் இரவு தங்கும் டும்லிங்கே 2,970 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கும் கைரிபாஸ் இந்த வழியில் ஒரு பள்ளம், இறங்கித்தான் போக வேண்டும். வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன், இது எனக்கு ஒன்றுமே இல்லை என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். கால் தாங்கும், அதில் சந்தேகமில்லை. தலை தாங்குமா என்பது வேறு கேள்வி.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், மலைகளைப் பார்க்கத்தான். உலகின் ஐந்து உயரமான சிகரங்களில் நான்கு, அதாவது எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு, இந்த முகட்டிலிருந்து ஒருசேரத் தெரியும். கஞ்சன்ஜங்காவும் அதன் பக்கத்துச் சிகரங்களும் சேர்ந்து மல்லாந்து படுத்த உருவமாகத் தெரிவதால் தூங்கும் புத்தர் என்கிறார்கள். எவரெஸ்ட் தொலைவில் இருப்பதால் சிறிதாகத்தான் தெரியும். முன்னால் நிற்கும் மகாலுதான் பெரிது. முதல் முறை போகிறவர்கள் மகாலுவைக் காட்டி எவரெஸ்ட் என்று படம் பிடித்துக்கொண்டு வருவது வழக்கம்.

இனி வழிகள். எளிதானது ஜீப். மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ வரை சுமார் 32 கிலோமீட்டர் வண்டிப்பாதை. இந்தப் பாதையில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்கள் பிரசித்தம். 1950களில் வந்த வண்டிகளை ஊர் மெக்கானிக்குகள் உயிரோடு வைத்திருக்கிறார்கள். இப்போது பொலேரோக்கள்தான் அதிகம். பாதையின் பெரும்பகுதி கல் பாவியும் கான்கிரீட் போட்டும் ஆகிவிட்டது. ஒரே நாளில் மேலே போய், ஒரு இரவு தங்கி, மறுநாள் இறங்கிவிடலாம். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதைத்தான் யோசிப்பார்கள். ஆனால் உடம்புக்கு ஆபத்து அதிகம் உள்ள வழியும் இதுதான். சில மணி நேரத்தில் 1,500 மீட்டர் ஏறி அங்கேயே இரவு படுப்பதை உடம்பு லேசில் ஏற்காது. 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்காதே என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. ஜீப் அந்த விதியை மதியச் சாப்பாட்டுக்குள் மீறிவிடுகிறது. பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் டும்லிங்கில் ஒரு இரவு தங்குங்கள். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே கஞ்சன்ஜங்கா அருமையாகத் தெரியும். சந்தக்பூவைப் பகலில் பார்த்துவிட்டு மறுபடி டும்லிங்கிலேயே வந்து படுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டாவது, பெரும்பாலோர் நடக்கும் வழி. முதல் நாள் மானேபஞ்சாங்கிலிருந்து சித்ரே, மேக்மா வழியாக டும்லிங். இரண்டாம் நாள் கைரிபாஸ் இறங்கி, மறுபடி ஏறி காலிபோக்ரி. மூன்றாம் நாள் சந்தக்பூ. பிறகு கிழக்குச் சரிவில் குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறக்கம். வழியில் வசதிக்குக் குறைவில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை டீயும் வாய்வாய் நூடுல்ஸும் கிடைக்கும், ராத்திரி சூடாகப் பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும் உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் தமிழன் பட்டினி கிடக்க மாட்டான், இட்லி கேட்காத வரை.

காலிபோக்ரியில் தங்காமல் டும்லிங்கிலிருந்து ஒரே நாளில் சந்தக்பூ போய்விடலாம் என்று ஒரு நாளை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. 19 கிலோமீட்டர், கால் உள்ளவர்களுக்கு முடியும். ஆனால் ஏற்றத்தின் கொடுமையெல்லாம் கடைசி நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது. பிக்கேபஞ்சாங்கைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக நிமிர்கிறது. ஏற்கனவே களைத்த கால், மெலிந்த காற்று, மதியத்துக்கு மேல் மூடிவிட்ட மேகம் மூன்றும் சேர்ந்து, வந்த ஆளைச் சாப்பிடாமல்கூடப் படுக்க வைத்துவிடும். காலிபோக்ரியில் தங்கினால் மூன்றாம் நாள் ஆறு கிலோமீட்டர்தான், மதியத்துக்குள் மேலே இருக்கலாம். காலிபோக்ரியில் தோங்பா கிடைக்கும். புளிக்க வைத்த கேழ்வரகின் மேல் வெந்நீர் ஊற்றிக் குழல் வைத்து உறிஞ்சுவார்கள். கேழ்வரகு என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு பாசம் வரும். உயரத்தில் மது தலைவலியைக் கூட்டும் என்பதால் அந்தப் பாசத்தை இறங்கும் நாள் வரை தள்ளிவைப்பது நல்லது.

இந்த இரண்டாம் வழியில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. மூன்று நாளும் நடப்பது வண்டிப்பாதையில். பின்னால் ஹாரன், ஒதுங்கி நின்றால் டீசல் புகை, பிறகு ஜன்னல் வழியாகக் கையாட்டும் குழந்தைகள். அங்கங்கே பழைய குறுக்குப் பாதைகள் இருக்கின்றன, கைடு கூட்டிப் போவார். ஆனாலும் பாதி நேரம் கான்கிரீட்டில்தான் கால். மூன்று நாள் மூச்சு வாங்கி மேலே போய்ச் சேரும்போது, அன்று காலை கிளம்பி வந்தவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கிக் கம்பளிக் குல்லாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஊர் பேர் தெரியாத மலையில் தனியாக நடப்பது என்ற எண்ணத்தோடு போகிறவருக்கு அங்கே மனசு விட்டுப்போகும்.

அந்த எண்ணத்தோடு போகிறவருக்கு உரிய இடம் சந்தக்பூவுக்கு அப்பால் இருக்கிறது. ஃபாலூட் வரை உள்ள 21 கிலோமீட்டரில் ஊர் கிடையாது, கடை கிடையாது. மண் தடம் ஒன்று உண்டு, அதில் எப்போதாவது ஒரு ஜீப் உருண்டு போகும். மற்றபடி புல்வெளி, குட்டை மூங்கில், பட்டுப்போயும் விழாமல் நிற்கும் பழைய ஃபிர் மரங்கள், மேயும் யாக்குகள், புல்லுக்குள் அங்கங்கே எல்லைக்கல். 14 கிலோமீட்டர் போனதும் சபர்கிராமில் எல்லைக் காவல் படையான எஸ்எஸ்பியின் முகாம். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள்தான். இருந்தாலும் 3,500 மீட்டருக்குப் பக்கத்தில் 21 கிலோமீட்டர் என்பது முழுப் பகல் வேலை. இதில் ஒரு முக்கியமான விஷயம் திசை. கஞ்சன்ஜங்கா வடக்கே இருக்கிறது, ஃபாலூட்டும் வடக்கே. காலையில் சந்தக்பூவிலிருந்து கிளம்பினால் அந்த மலை நாள் முழுக்க முகத்துக்கு நேரே, எவரெஸ்ட் கூட்டம் இடது கைப்பக்கம். எதிர்த்திசையில் வருகிறவர்கள் நின்று நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையில், அதாவது ஸ்ரீகோலாவில் தொடங்கி கோர்க்கே வழியாக ஃபாலூட் ஏறி, சந்தக்பூ வந்து ஜீப்பில் இறங்குவது என்று ஒரு யோசனையும் உண்டு. கூட்டம் குறைவு என்பார்கள், உண்மைதான். ஆனால் கோர்க்கே கிட்டத்தட்ட 2,300 மீட்டர், ஃபாலூட் 3,600. ஒரே நாளில் 1,300 மீட்டர் ஏறி அங்கேயே படுக்க வேண்டும். ஜீப்புக்குச் சொன்ன அதே ஆட்சேபணைதான், இங்கே மேல்வரும்படியாக முழங்கால் வலியும். மலைக்குப் பழகியவர்கள் செய்யட்டும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஆக, முழு முகட்டையும் நடப்பது மூன்றாவது வழி. டும்லிங், காலிபோக்ரி, சந்தக்பூ, ஃபாலூட், கோர்க்கே, ஸ்ரீகோலா என்று ஆறு இரவு. நியூ ஜல்பாய்குரி ரயில் நிலையத்தில் இறங்கி மறுபடி அங்கேயே ரயில் ஏறும் வரை எட்டு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து ரயிலில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மொத்தம் பன்னிரண்டு நாள் லீவு எந்த மேனேஜர் கொடுப்பார்? பாக்டோக்ராவுக்கு விமானம் பிடித்தாலும் ஒன்பது பத்து நாள் ஆகிவிடும்.

இதனால்தான் நான்காவதாக ஒன்றைச் சொல்கிறேன். ஜீப்பை எங்கே பயன்படுத்துவது என்று யோசித்தால் விடை தானே வரும். வண்டிப்பாதையில் வண்டியில் போ, மண்பாதையில் நட. முதல் நாள் காலை நியூ ஜல்பாய்குரியில் இறங்கினால் மிரிக், சுக்கியாபோக்ரி வழியாக நாலு மணி நேரத்தில் மானேபஞ்சாங். அங்கே கைடு, பர்மிட் வேலையை முடித்துக்கொண்டு லேண்ட் ரோவரில் டும்லிங். ஆசைக்கு அந்த வண்டியிலும் ஏறியாயிற்று. இரண்டாம் நாள் ஜீப்பில் காலிபோக்ரி வரை போய், கடைசி ஆறு கிலோமீட்டரை நடந்து ஏறி சந்தக்பூ. மூன்றாம் நாள் ஃபாலூட். நான்காம் நாள் கோர்க்கே, ஐந்தாம் நாள் ஸ்ரீகோலா, ஆறாம் நாள் சமவெளி. எட்டு நாள் ஆறாகிவிட்டது, விட்டது கான்கிரீட்டைத்தான். பறவை பார்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். கைரிபாஸைச் சுற்றியுள்ள மூங்கில் காடுதான் செம்பாண்டா வாழும் இடம், அதை ஜீப்பில் கடப்பது பாவம் என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமே, அவர்கள் எட்டு நாளோடு வரட்டும். இன்னொரு எச்சரிக்கை: டும்லிங்கிலிருந்து சந்தக்பூ 666 மீட்டர் உயர்வு, 500 மீட்டர் விதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. டும்லிங்கிலேயே யாருக்காவது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் காலிபோக்ரியில் ஒரு இரவைச் சேர்த்துவிடுங்கள். அதற்காக ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டே டிக்கெட் போடுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் நோயைத் தடுக்க உதவும் டயாமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மேலே போன பிறகு தலைவலி முற்றினால் அதற்கு மருந்து இறங்குவதுதான்.

எந்த மாதம் என்பது அடுத்த தகராறு. சிங்காலிலா தேசியப் பூங்கா மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை மூடியிருக்கும். மிச்சத்தில் நமக்கு வசதி ஏப்ரல், மே. பள்ளி விடுமுறை, ஊரில் கத்திரி வெயில், அங்கே ரோடோடெண்ட்ரான் பூத்துக் குலுங்கும் நேரம். டும்லிங்குக்கும் காலிபோக்ரிக்கும் நடுவே சிவப்பும் இளஞ்சிவப்புமாகச் சரிவே நிறம் மாறியிருக்கும். ஆனால் பனிமலை தரிசனம் உறுதியில்லை. வெயில் ஏற ஏற மேகம் வந்து மூடும், பல நாள் விடியற்காலையில் அரைமணி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். பூவுக்காகப் போகிறீர்கள் என்றால் ஏப்ரல், அப்போது இரண்டாவது வழியே சிறந்தது, ஏனென்றால் பூக்கள் அந்தப் பாதையில்தான் அதிகம். மலைக்காகப் போகிறீர்கள் என்றால் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் முடிய. துர்கா பூஜை விடுமுறையில் மட்டும் போகாதீர்கள். கொல்கத்தாவே கிளம்பி வந்துவிடும், லாட்ஜில் தரையில்கூட இடம் இருக்காது. டிசம்பர் கடைசியிலிருந்து பனி விழலாம். காலிபோக்ரிக்கு மேல் வண்டி ஏறாமல் நிற்கும் நாட்களும் உண்டு.

நவம்பரில் இரண்டு விஷயம். மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். நாட்டின் கிழக்கே இருக்கிறோம், கடிகாரம் மட்டும் நம்மூருடையது. ஃபாலூட் நாளில் காலை ஆறரைக்குள் கிளம்பாவிட்டால் கடைசி ஏற்றம் இருட்டில்தான். இரண்டாவது, வங்கக் கடல். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அங்கே வானம் பளிச்சென்று இருக்கும், உண்மை. ஆனால் வங்கக் கடலில் உருவாகும் புயல் சில சமயம் வடக்கே ஏறி இமயமலையில் பனியாகக் கொட்டும். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாக வந்து நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சென்னையில் வானிலை அறிக்கை பார்க்கும் பழக்கத்தை மலைக்கும் கொண்டுபோங்கள். வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் சந்தக்பூவைத் தாண்டுவதை ஒத்திப்போடலாம்.

தங்குமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டும்லிங், காலிபோக்ரி, சந்தக்பூ மூன்றிலும் தனியார் லாட்ஜ்கள் நிறைய, நல்லவை பல நேபாளப் பக்கத்தில். கோர்க்கே, ஸ்ரீகோலாவில் ஹோம்ஸ்டே கிடைக்கும். சிக்கல் ஃபாலூட்டில். அங்கே நம்பிப் போகக்கூடியது ஒரு ட்ரெக்கர்ஸ் ஹட், கொஞ்சம் படுக்கைகள், அவ்வளவுதான். நாலாவது வழியின் மொத்தத் திட்டமும் அந்தப் படுக்கையில் தொங்குகிறது. ஆகவே ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் ஃபாலூட் படுக்கையை உறுதி செய்யுங்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற இரவுகளை வையுங்கள். கூடாரம் தூக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்: ஃபாலூட் காற்று, தண்ணீர். கூரை முகட்டில் மழைநீர் நிற்காது இல்லையா, மலை முகட்டிலும் அப்படித்தான். ஓடையெல்லாம் கீழே சரிவில். ஹட்டுக்கே தண்ணீர் கீழிருந்து வந்தாக வேண்டும். சந்தக்பூவிலிருந்து கிளம்பும்போது ஆளுக்கு மூன்று லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டையும் கட்டி வாங்கிவிடுங்கள், அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் போதும்.

கைடு கட்டாயம். மானேபஞ்சாங்கிலேயே உள்ளூர் வழிகாட்டிகள் கிடைப்பார்கள். கம்பெனி பேட்ச்சில் சேர்வதா, நாமே கைடு பிடித்துப் போவதா என்றால், முதல் மலை என்பவர்களுக்குக் கம்பெனி சௌகரியம். ஆனால் பல பேட்ச்கள் சந்தக்பூவோடு திரும்பிவிடும், பணம் கட்டுமுன் ஃபாலூட் உண்டா என்று கேட்டுவிடுங்கள். தலை வலிக்கிறவருக்காக ஒரு நாள் நிற்பதும் பேட்ச்சில் நடக்காது. நாலைந்து பேர் சேர்ந்தால் நாமே கைடு வைத்துக்கொள்வது செலவிலும் நிம்மதியிலும் மேல். கைடே வேண்டாம், ஜிபிஎஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால் 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் சிக்கி இறந்ததை நினைவுபடுத்துங்கள். காட்டில் தீயோ பனியோ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை உள்ளூர் ஆள்தான் சொல்ல முடியும்.

ஆக என் கணக்கு இப்படி வருகிறது. ஆறு நாளும் ஒரு உபரி நாளும் கையில் இருந்தால், நவம்பரில், நாலாவது வழி. பூ பார்க்க ஏப்ரலில் போனால் இரண்டாவது வழி, வண்டிச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு. பெரியவர்களோடு என்றால் டும்லிங்கில் தங்கி ஜீப். நாலே நாள்தான், மலையும் தெரிய வேண்டும், தனிமையும் வேண்டும் என்றால் இந்த முகடு அதைத் தராது. அதற்கு வேறு மலை பாருங்கள், அல்லது அடுத்த வருடம் லீவு சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

திரும்பும் கணக்கில் ஒன்று. ஃபாலூட்டிலிருந்து கோர்க்கே 15 கிலோமீட்டர், முழுக்க இறக்கம், முழங்காலுக்குச் சோதனை. ஊன்றுகோல் இல்லாமல் போகாதீர்கள், ஷூவுக்குள் கால் நகம் முட்டாமல் முன்னிரவே நறுக்கிவிடுங்கள். மறுநாள் ராமாம் வழியாக ஸ்ரீகோலா வந்து சேர மதியம் தாண்டிவிடும். அங்கிருந்தும் பக்கத்து ரிம்பிக்கிலிருந்தும் ஷேர் ஜீப்கள் விடியற்காலையில் கிளம்பிவிடுகின்றன, மதியத்துக்கு மேல் தனி வண்டிதான் பேச வேண்டும். அன்றிரவு ஸ்ரீகோலாவிலேயே படுத்து, ரயிலை மறுநாள் சாயங்காலத்துக்குப் போடுங்கள்.